ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லைப் பெயரடை ஆக்க எந்த விகுதி?

கேள்வி:
‘ஃபுல்’, ‘அஸ்’, ‘லி’ எனப் பல விகுதிகள் இருக்கின்றன. எதற்கு எது? ‘ஸ்டோன் வால்’ என்பதில் ‘ஸ்டோன்’ பெயரடையா?

பதில் 1:
‘ஸ்டோன் வால்’ கேள்விக்கு முதலில். முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். ‘வெரி டேஞ்சரஸ் ரோடு’ சரி. ‘வெரி ஸ்டோன் வால்’ ஒட்டாது. நம் ‘கற்சுவர்’ மாதிரி, அது பெயர்ச்சொல்தான். ஆனால் ‘ஆனுவல்’ போன்ற அசல் பெயரடைகளும் ‘வெரி’யை ஏற்காது, சோதனையை முழுக்க நம்பிவிட வேண்டாம்.

பதில் 2:
விகுதிக்குச் சூத்திரம் தேடாதீர்கள், சொல்லோடு சேர்த்தே படியுங்கள். காலை வாருவது எழுத்துக்கூட்டல். ‘பியூட்டி’யின் ஒய், ‘பியூட்டிஃபுல்’லில் ஐ ஆகும், கடைசியில் ஒரே எல். ‘சன்’ ‘சன்னி’ ஆகும்போது என் இரட்டிக்கும். ‘ஃபேம்’ இறுதி ஈயை விட்டு ‘ஃபேமஸ்’ ஆகும். ‘கரேஜ்’ ‘கரேஜஸ்’ ஆகும்போது ஈ தங்கும். அது போனால் ஓவுக்கு முன் நிற்கும் ஜி, ஆட்டைக் குறிக்கும் ‘கோட்’டில் வருவதுபோல் ஒலித்துவிடும்.

பதில் 3:
‘லி’ என்றாலே வினையடை அல்ல. ‘ஃப்ரெண்ட்’, ‘காஸ்ட்’ என்ற பெயர்ச்சொற்களோடு சேர்ந்தால் ‘ஃப்ரெண்ட்லி’, ‘காஸ்ட்லி’ எனப் பெயரடையே கிடைக்கும். இன்னொன்று: ‘எக்கனாமிக்’ பொருளாதாரம் சார்ந்தது, ‘எக்கனாமிக்கல்’ சிக்கனமானது. மாற்றிப் போட்டால் பொருளே மாறும்.