லேடீஸ் டெய்லரிங் போர்டுல மேல் கமா எங்க வரும்? அவசரம்

டிடிபி தம்பி:
ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் வேலை பாக்குறேன். ஒரு அக்காவோட தையல் கடைக்கு இங்கிலீஷ்ல போர்டு. எல், ஏ, டி, ஒய் போட்டு, மேல் கமா வச்சு, எஸ் போட்டு வாட்ஸ்அப்ல புரூஃப் அனுப்பினேன். பத்தாவது படிக்கிற அவங்க பொண்ணு, "அண்ணா, ஊர்ல ஒரே ஒரு லேடிக்குத்தான் தைக்கிறோமா?"ன்னு வாய்ஸ் நோட் போடுது. சரின்னு ஒய்ய எடுத்துட்டு ஐ, இ, எஸ் போட்டு, மேல் கமா, இன்னொரு எஸ்ஸும் வச்சேன். பாம்பு சீறுற மாதிரி இருக்கு. வாய்விட்டுச் சொன்னா ஒருமை உடைமை, பன்மை, பன்மை உடைமை மூணும் ஒரே சத்தம். நம்மாளுங்க வேற "ஒரு லேடீஸ் வந்தாங்க"ம்பாங்க. சாயங்காலம் பிரிண்ட் போகணும்.

கருவேலங்காடு:
கமாவையே தூக்கிடு தம்பி. எங்க ஊர் பாய்ஸ் ஸ்கூல் போர்டுல கமாவே கிடையாது. யார் கேட்டா?

பழைய வாத்தியார்:
தூக்கினால் தப்பில்லை, போர்டில் அது வழக்கம்தான். ஆனால் வைப்பதானால் சரியான இடத்தில் வையுங்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: பெண், பெண்கள், பெண்களுடைய. "பெண்ணுடையகள்" என்று யாராவது சொல்வோமா? முதலில் பன்மை, பிறகுதான் உடைமை. இங்கிலீஷிலும் அதே வரிசை. ஐ, இ, எஸ் வந்ததுமே பன்மை முடிந்தது. அது எஸ்ஸில் முடிவதால் இன்னொரு எஸ் வேண்டாம். கடைசியில் வெறும் மேல் கமா. விமன், சில்ட்ரன் போல எஸ் இல்லாத பன்மைக்கு மட்டும் கமா, அப்புறம் எஸ். அதனால்தான் விமன்ஸ் டேயில் கமா எஸ்ஸுக்கு முன்னால், செப்டம்பர் 5 டீச்சர்ஸ் டேயில் எஸ்ஸுக்குப் பின்னால். பழைய ஆங்கிலத்தில் இந்த விகுதி இ, எஸ். அந்த இ உதிர்ந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் இந்தக் கமா.

டிடிபி தம்பி:
புரிஞ்சுது சார்! கீழே "சாரீஸ், பிளவுசஸ்"னு ஒரு வரி இருக்கு. ரெண்டுலயும் எஸ்ஸுக்கு முன்னாடி கமா போட்டிருக்கேன்.

பழைய வாத்தியார்:
உடனே எடுங்கள். சேலைக்குச் சொந்தமாக அங்கே என்ன இருக்கிறது? அது வெறும் பன்மை. இங்கிலாந்தில் இதற்குக் "காய்கறிக்கடைக்காரர் கமா" என்றே கேலிப் பெயர் உண்டு. அங்கே கடைப் பலகைகளில் ஆப்பிளுக்கும் உருளைக்கிழங்குக்கும் இதே கதி.

தேம்ஸ் கரை:
இங்க மட்டும் ஒழுங்கா என்ன? லண்டன் பிக்காடில்லி லைன்ல ஏர்ல்ஸ் கோர்ட்டுக்குக் கமா உண்டு, அடுத்த ஸ்டேஷன் பேரன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012ல தன் பேர்ல இருந்த கமாவையே எடுத்துட்டாங்க.

டிடிபி தம்பி:
போர்டு மாட்டியாச்சு. அக்கா கீழே நின்னு பார்த்துட்டு, "எஸ் மேல என்னமோ அழுக்கு ஒட்டியிருக்கு பாரு தம்பி"ன்னு ஸ்டூல் எடுக்கப் போனாங்க. பொண்ணுதான் தடுத்துச்சு.