மேகத்துக்குள்ள பிளாஷ்: எங்க சொதப்புச்சு, சொல்லுங்க

குன்னூர் மிஸ்ட்:
குன்னூர் டால்பின் மூக்கு வியூ பாயிண்டு, கல்யாண ஜோடியோட அவுட்டோர் ஷூட். பிளாஷ் ஸ்டாண்டு கேமராவுக்குப் பக்கத்துலயே, ஜோடிக்கு எட்டடி. மேகம் ஏறிடுச்சு. அடுத்த பிரேமில் ஜோடியைக் காணோம். வெள்ளை வேட்டியைக் காயப்போட்ட மாதிரி ஒரு சுவர், அதில் மாப்பிள்ளையோட கூலிங் கிளாஸ் மட்டும் ரெண்டு கறுப்புப் பொட்டு. பிளாஷ் பவரை முழு அளவில் 1/4-லிருந்து ஏத்த ஏத்த சுவர்தான் வெளுத்தது. வெளுக்காம? லென்சுக்கு ரெண்டடியில் மிதக்கும் துளிக்கு, எட்டடியில் நிற்கும் ஆளைவிடப் பதினாறு மடங்கு வெளிச்சம். பவரைக் கூட்டினால் ரெண்டும் சேர்ந்தேதான் கூடும். ஸ்டாண்டைப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஆளுக்கு மூணடியில் நிறுத்தினதும் 1/32 போதுமாக இருந்தது, சுவரும் போச்சு.

மேல்மலை:
பக்கவாட்டு பாதி வைத்தியம்தான். நான் கொடைக்கானல் பைன் காட்டில் செஞ்ச மாதிரி, பிளாஷை ஆளுக்குப் பின்னால், முதுகு உயரத்தில், லென்சைப் பார்த்துத் திருப்பி வைங்க. மூடுபனித் துளி வெளிச்சத்தைப் போகிற திசையிலேயேதான் அதிகம் சிதறவிடும். எதிரே வர்ற லாரியின் ஹெட்லைட் மலைரோட்டுப் பனியில் எப்படிப் பூத்து நிற்குது, அது மாதிரி. ஒவ்வொரு மரத்தோட நிழலும் காத்துல கோடு கோடா நீண்டு நின்னுச்சு, தொட்டுடலாம்போல. பிளாஷ் தலை உடம்புக்குப் பின்னால் முழுசா மறையணும், ஓரம் எட்டிப் பார்த்தால் படமே வெளிறிடும். ஷட்டரை 1/500 செகண்டில் வைத்தால் சுற்று வெளிச்சம் அடங்கும்.

கோத்தகிரி:
மேல்மலை அண்ணே, முகம்? அது கரி மாதிரி இருக்குமே! முன்பக்கம் இன்னொரு பிளாஷ் இல்லாமல் அது வெறும் நிழல் உருவம். அந்த முன் பிளாஷுக்கு அரை ஆரஞ்சு ஜெல் (கலர் தாள்) ஒட்டி, கேமராவில் நிறத்தைச் சரிக்கட்டும் வொயிட் பேலன்ஸை 3800 கெல்வினுக்கு இறக்கினால் முகம் இயல்பாக வரும், பனி நீலமாகும். அப்புறம் 1/500 எல்லாருக்கும் ஆகாது. எச்எஸ்எஸ், அதாவது வேகமான ஷட்டரோடு ஒத்துப்போகும் வசதி, இல்லாத பிளாஷ் என்றால் பிரேமின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை. எச்எஸ்எஸ் போட்டால் ரெண்டு ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெட்டிப்பு அல்லது பாதி) பவரைத் தின்னும். 1/200-லேயே நின்று, லென்ஸ் துவாரத்தை எஃப் 2.8-லிருந்து 4.5-க்குச் சுருக்கி, பிளாஷை ஒண்ணேகால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கூடுதலா ஏத்துங்க. கணக்கு அங்கேயே முடிஞ்சுது.

ஊட்டி குளிர்:
தொட்டபெட்டா, பிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் குடை, காற்று. குடை ஸ்டாண்டோட சரிவில் போய்ச் சேர்ந்தது. 2637 மீட்டர் உயரத்தில் யாரும் குடை விரிக்காதீங்க, வெறும் பிளாஷோ சின்ன சாஃப்ட்பாக்ஸோ (வெள்ளைத் துணி மூடிய பெட்டி) போதும். ஸ்டாண்டின் ஒரு காலைக் காற்று தள்ளுகிற பக்கமாக நீட்டி வைங்க, நடுத்தண்டில் நாலு கிலோவாவது தொங்கணும். ஜனவரியில் சாதா அல்கலைன் செல் போட்டால் பிளாஷ் அடுத்த தடவைக்குத் தயாராகும் ரீசைக்கிள் நேரம் இழுத்துக்கொண்டே போகும், ரீசார்ஜ் பண்ணுகிற நிக்கல் செல்தான் தாங்கும். மாற்று செட் சட்டையின் உள்பையில் இருக்கட்டும். குளிரிலிருந்து அறைக்குள் போகும் முன்னாடியே கேமரா, பிளாஷ், பிளாஷை இயக்கும் டிரிக்கர் எல்லாத்தையும் ஜிப் கவரில் போட்டு மூடணும். ஒரு மணி நேரம் கழிச்சுத் திறந்தால் வேர்வை கவருக்கு வெளியேதான் நிற்கும். நனைஞ்ச பிளாஷை ஸ்குரூ டிரைவரால் மட்டும் கழற்றாதீங்க. ஆஃப் பண்ணினாலும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரில் 300 வோல்ட் வரை இருக்கும், செல்லை எடுத்தாலும் இருக்கும்.

குன்னூர் மிஸ்ட்:
செல்லைப் பற்றி யார் கேட்டாங்க? சரி, இருக்கட்டும். கோத்தகிரி சொன்ன முன்பக்க பிளாஷ் அந்தக் கூலிங் கிளாசில் சதுரமா விழுதே, அதுக்கு என்ன வழி?

கோத்தகிரி:
ஸ்டாண்டை ஆள் தலைக்கு ரெண்டடி மேலே தூக்குங்க. அப்பவும் தெரிஞ்சா, கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் அரை இஞ்ச் உயர்த்தச் சொல்லுங்க. கண்ணாடி கீழே சாயும், சதுரம் ஓடிடும்.