தும்பையை வீட்டு முற்றத்தில் வளர்ப்பது எப்படி?

முற்றத்துக்காரி:
வேலியோரம் தும்பை தானாக முளைத்துக் கிடக்கிறது, காலையில் தேனீ மொய்க்கிறது. முற்றத்திலும் நாலு செடி இருக்கட்டுமே என்று பூத்த செடிகளைப் பிடுங்கி வந்து தொட்டியில் நட்டேன். உரமண், இரண்டு வேளை தண்ணீர், எல்லாம் கொடுத்தேன். மூன்றாம் நாளே தலை தொங்கிவிட்டது. களைக்குப் போய் இவ்வளவு பாடா என்று அம்மா சிரிக்கிறார். எங்கே தப்பு?

வேலியோரத்தான்:
பிடுங்கியதுதான் தப்பு. பூத்த தும்பை வேர் அறுந்தால் பிழைப்பது கஷ்டம். நானும் இரண்டு தடவை இப்படிச் சாகடித்திருக்கிறேன். அது ஒரு பருவச் செடி. பூத்து, காய்த்து, காய்ந்துவிடும். அசிங்கமாக நிற்கிறதே என்று அப்போதே பிடுங்கினால் அடுத்த தலைமுறைக்கு விதை இருக்காது. நன்றாகக் காயவிட்டு, பூக்கொத்தைக் காகிதத்தின் மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். பழுப்பாகச் சின்ன விதை உதிரும், ஒரு பூவுக்கு நாலு வரைதான். மழைக்கு முன்னால் வெறும் தரையில் தூவிவிடுங்கள், ஆழமாகப் புதைக்க வேண்டாம். உரமும் வேண்டாம்.

அப்புறம், ஒரு பூவைக் கிட்டத்தில் பாருங்கள். கீழ் உதடு தேனீ உட்காருகிற திண்ணை. மேல் உதட்டின் குல்லாய்க்குள் மகரந்தம் ஒளிந்திருக்கும். தேனீ தேனுக்காகத் தலையை நுழைத்ததும் மகரந்தம் அதன் மேல் அப்பிக்கொள்ளும். இதைப் பார்த்தபடியே ஒருநாள் காபியை ஆறவிட்டேன்.

தோட்டக்கிறுக்கு:
ஒரு எச்சரிக்கை, அக்கா. களை எல்லாம் இருக்கட்டும் என்று விட்ட வருஷம், வெள்ளைப்பூவைப் பார்த்து ஏமாந்து பார்த்தீனியத்தையும் வளர்த்துவிட்டேன். கையெல்லாம் தடித்து அரிப்பு! அதன் இலை கேரட் இலை மாதிரி பிளவுபட்டிருக்கும். தும்பையின் இலை குறுகி நீண்டது, தண்டு சதுரம். விரலால் உருட்டினாலே தெரியும்.

இன்னொன்று, முற்றம் முழுக்கச் செடியோ சருகோ மூட வேண்டாம். தரையில் வளை தோண்டும் தனித் தேனீக்களும் உண்டு. ஒரு மூலையை வெறும் மண்ணாகவே விடுங்கள். பூச்சிமருந்து அடிப்பதாக இருந்தால் இந்த வேலையே வீண்.

முற்றத்துக்காரி:
சரி, தொட்டி வேண்டாம். வாடிய செடிகளை இன்னும் குப்பையில் போடவில்லை. இப்போதுதான் காகிதத்தில் தட்டிப் பார்த்தேன், பதினொரு விதை. தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.