பழைய ஆங்கிலப் புத்தகத்தில் 'பில்லியன்' என்றால் எவ்வளவு?

கேள்வி:
1950களில் லண்டனில் அச்சான வானியல் புத்தகம் ஒன்று படிக்கிறேன். ஒளியாண்டு என்பது ஏறக்குறைய ஆறு பில்லியன் மைல் என்கிறது. ஆறு டிரில்லியன் அல்லவா? அச்சுப்பிழையா?

பதில் 1:
பிழையே இல்லை. அன்றைய பிரிட்டனில் பில்லியன் என்றால் லட்சம் கோடி, அதாவது ஒன்றுக்குப் பின் 12 சுழி; நீங்கள் சொல்லும் டிரில்லியனும் அதே அளவுதான். அமெரிக்காவில் 9 சுழிதான், நூறு கோடி. 1974 டிசம்பரில்தான் பிரதமர் ஹெரால்டு வில்சன், அரசு இனி அமெரிக்கப் பொருளிலேயே எழுதும் என்று நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தார். நான் ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர். அங்கே இன்றும் 'பில்லியோன்' 12 சுழிதான். நூறு கோடிக்கு 'மில்லியார்டே'. கவனிக்காமல் விட்டால் கணக்கு ஆயிரம் மடங்கு பிசகும். செய்தியில் அப்படிப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது. தமிழில் கோடி இருக்கிறதே, அதிலேயே எழுதுங்கள்!

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்போ 1974க்கு முந்தைய புத்தகம் எல்லாவற்றுக்கும் 12 சுழியா?

பதில் 2:
அப்படியும் சொல்ல முடியாது. அதற்கு முன்பே அமெரிக்கப் பொருளில் எழுதிய பிரிட்டிஷ்காரர்கள் உண்டு; அப்புறமும் பழையதை விடாதவர்கள் உண்டு. உங்கள் ஒளியாண்டு மாதிரி, தெரிந்த அளவு ஒன்றை அதே புத்தகத்தில் தேடிச் சரிபாருங்கள்.