சூப்பர்வைசர் மேல் எழுத்தில் புகார்: எங்களிடம் கமிட்டியே இல்லை, என்ன செய்வது?

பவர்டேபிள்:
திருப்பூரில் பெரிய கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். செக்கிங்கில் வேலை செய்யும் பெண் ஒருவர், சூப்பர்வைசர் தொடர்ந்து தொட்டுப் பேசுகிறார் என்று திங்கள்கிழமை எழுதிக் கொடுத்தார். இந்த மாதிரி பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் கமிட்டி எதுவும் போடவில்லை. ரோலில் (நேரடிச் சம்பளப் பட்டியலில்) இருப்பது 8 பேர்தான், மீதி 17 பேர் கான்ட்ராக்டர் ஆட்கள். பிரச்சினை வேண்டாமென்று அந்தப் பெண்ணை அயர்னிங் பக்கம் மாற்றிவிட்டேன். அடுத்து என்ன?

காஜாபட்டன்:
அண்ணா, இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். ஏதாவது கொடுத்து முடித்துவிடலாம். பையர் ஆடிட் (ஆர்டர் கொடுக்கும் கம்பெனி வந்து சோதிப்பது) நேரத்தில் இது வெளியே போனால் ஆர்டர் போய்விடும்.

ஹெச்ஆர்_அக்கா:
தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2013ஆம் ஆண்டு போஷ் சட்டத்தில், அதாவது வேலையிடத்தில் பெண்களுக்கு வரும் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் சட்டத்தில், சமரசத்துக்கு இடம் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணே கேட்க வேண்டும், பணம் கொடுத்து முடிக்கவும் கூடாது.

எண்ணிக்கைக்கு வருவோம். கான்ட்ராக்ட், தினக்கூலி, பயிற்சியாளர் எல்லோரும் இந்தச் சட்டத்தில் பணியாளர்தான். உங்கள் கணக்கு 8 இல்லை, 25. பத்தைத் தொட்டாலே உள்ளகப் புகார்க் குழு கட்டாயம், போடாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் கீழே இருந்தாலோ, புகார் முதலாளி மேலேயே வந்தாலோதான் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழு பார்க்கும்.

அவரை இடம் மாற்றினீர்களே, அதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. இடைக்கால இடமாற்றம் அந்தப் பெண் எழுதிக் கேட்டு, குழு பரிந்துரைத்தால்தான். இப்போது பார்ப்பவர்களுக்கு, புகார் கொடுத்ததற்குத் தண்டனை மாதிரிதான் தெரியும்.

பவர்டேபிள்:
ஐயோ, நல்லது நினைத்துத்தான் செய்தேன் அக்கா. ஆனால் குழுத் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டுமாமே? என்னிடம் அப்படி யாருமே இல்லை. கட்டிங் மாஸ்டரிலிருந்து கணக்கு வரை எல்லாம் ஆண்கள்.

ஹெச்ஆர்_அக்கா:
அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் வேறு யூனிட்டிலிருந்தோ, அதுவும் இல்லையென்றால் வேறு நிறுவனத்திலிருந்தோ மூத்த பெண் ஒருவரைத் தலைவராகப் போடலாம். ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர், வெளியிலிருந்து பெண்கள் நலத்தில் வேலை செய்யும் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் அல்லது இந்த விஷயம் தெரிந்த ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். சூப்பர்வைசரின் சொந்தக்காரர் யாரும் உள்ளே வந்துவிடாமல் பாருங்கள், நம்ம ஊரில் அதுதான் சிக்கல்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதி போட்டு ரசீது கொடுத்தீர்களா? சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுத்தார் என்பதற்கு அதுதான் ஆதாரம். குழு புகாரின் நகலை 7 வேலை நாளுக்குள் அந்த ஆளுக்கு அனுப்ப வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பெயர் வெளியே கசியவே கூடாது. அந்தப் பெண் போலீசுக்குப் போக நினைத்தால் நீங்கள் உதவ வேண்டும், தடுக்கக் கூடாது.

காஜாபட்டன்:
சரி அக்கா, நான் சொன்னதை விட்டுவிடுங்கள். எங்களிடமும் 14 பேர் இருக்கிறார்கள்...

பவர்டேபிள்:
இன்று காலை அந்தப் பெண்ணிடம் கேட்டேன். செக்கிங்குக்கே திரும்ப வேண்டும் என்றார், மாற்றிவிட்டேன். ரசீதும் கொடுத்தாயிற்று. தலைவராக வர இன்னொரு யூனிட்டின் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிப்பவர்) அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். குழு விவரத்தைச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். தமிழில் அடித்துவிட்டேன், பாதிப் பெண்கள் ஒடிசாக்காரர்கள். ஒடியாவில் எழுதித் தர யாராவது தெரியுமா?