ஏரிக்கரையில் இலவசமாகக் கூடாரம் போட, சின்ன கார் போகிற இடம் எது?

வணக்கம். மினசோட்டாவின் சுப்பீரியர் தேசியக் காட்டில் தங்க இடம் கிடைக்காமல் திண்டாடுகிறோம். டோஃப்டே ஊர்ப் பக்கம் வைட் பைன், ஃபோர்மைல், டூஹி ஏரிகளில் கட்டணமில்லாத சின்ன முகாம்கள் உண்டு. முன்பதிவு கிடையாது, முந்துபவருக்கே இடம். வெள்ளி மாலை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நிரம்பிவிடுகிறது.

சரி, முகாமை விட்டுக் காட்டுக்குள்ளேயே தங்கலாம் என்று வனத்துறையின் வண்டிப்பாதை வரைபடத்தை போனில் இறக்கி ஒரு பாதையில் நுழைந்தோம். நடுவில் புல் மேடு, இரண்டு பக்கமும் சக்கரம் புதையும் பள்ளம். காரின் அடிப்பாகம் தரையில் தட்டியதும் ரிவர்ஸிலேயே திரும்பிவிட்டோம். ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டதற்குப் படகில் போகும் இடங்களைச் சொன்னார்கள். எங்களிடம் படகு இல்லை. இதே காட்டில் ஏரிகள் நிறைந்த காப்புப் பகுதியான பவுண்டரி வாட்டர்ஸ் உள்ளே தங்க அனுமதிச் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், அங்கும் பெரும்பாலும் படகுப் பயணம்தான்.

வண்டி 2015 டொயோட்டா கொரோல்லா. செப்டம்பர் மூன்றாம் வாரம், வியாழன் முதல் ஞாயிறு வரை. நாங்கள் இருவர், ஆறு வயது மகள். தண்ணீர் வடிகட்டி, கரடி திறக்க முடியாத உணவு டப்பா இருக்கின்றன. கழிப்பறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. லூன் பறவையின் கூவலை மகள் ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும், அவ்வளவு ஆசைப்படுகிறாள்.

டோஃப்டேயிலிருந்து காட்டுக்குள் போகும் சாபில் டிரெயில் என்ற சாலையிலிருந்து தாழ்வான காரில் போய், வியாழன் மதியம் இடம் பிடிக்கக்கூடிய ஏரிக்கரை எது?