கடைந்த பேனாவில் நடு வளையத்தருகே மட்டும் ஒரு பக்கம் மேடு தட்டுகிறது, எதனால்?

உளிமுனை எழுதியது:

வணக்கம். ஆறேழு மாதமாகச் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றில் மரப்பேனா கடைகிறேன். இதுவரை 18 முடித்திருக்கிறேன், எல்லாமே மரத்துக்குள் 7 மி.மீ. பித்தளைக் குழாய் போடும், திருகினால் ரீஃபில் முனை வெளியே வரும் சாதாரண ரகம்தான். பார்க்க அழகாகத்தான் வருகின்றன. ஆனால் மேல் துண்டும் கீழ்த் துண்டும் சேரும் நடு வளையத்தில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது, பேனாவை அரைச் சுற்று திருப்பினால் அதே இடத்தில் நகம் தட்டுகிறது. கிளிப் பக்கமும் எழுதும் முனைப் பக்கமும் சரியாகவே இருக்கின்றன. மரத்துண்டின் முனைகளில் அளவுக்காக மாட்டும் உலோக வளையமான புஷ்ஷைப் புதிதாக மாற்றிப் பார்த்தேன், உளியைத் தீட்டிப் பார்த்தேன், மாற்றமே இல்லை. மரம் வழுக்கிச் சுற்றாமல் நின்றுவிடுகிறது என்று, துண்டுகளைக் கோத்துப் பிடிக்கும் கம்பியான மேண்ட்ரலின் நட்டை ஸ்பானர் போட்டு இறுக்குகிறேன், அது தப்பா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கருங்காலியில் செய்த இரண்டு பேனாக்கள் ஒரு மாதம் கழித்து நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டன. எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு ஒன்று செய்துகொடுக்க ஆசை. அது அவர் கையில் இருக்கும்போது விரியக்கூடாது.

பழைய லேத் எழுதியது:

தம்பி, நடுவில் மட்டும் தட்டுகிறது என்று சொன்னீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மேண்ட்ரல் கம்பி வளைகிறது. அது கால் அங்குலக் கனம்கூட இல்லாத நீளக் கம்பி, இரண்டு முனையிலும் பிடித்து அழுத்தினால் வில் மாதிரி நடுவில்தான் பிதுங்கும், அதனால் முனைகளில் வட்டம் சரியாக வரும், நடு புஷ் இருக்கும் இடத்தில் மரம் மையம் தப்பிவிடும். லேத்தைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து நடு புஷ்ஷின் ஓரத்தைப் பாருங்கள். மங்கலாக ஆடினால் கம்பியின் மறுமுனையை அழுத்திப் பிடிக்கும் டெயில் ஸ்டாக்கைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆட்டம் குறைந்தால் குற்றவாளி அந்த அழுத்தம்தான். அதிலிருக்கும் சுழலும் கூம்பு முனையான லைவ் சென்டர் கம்பியோடு சேர்ந்து சுற்றும் அளவுக்கு முட்டினால் போதும், அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம்.

நட்டுக்கு ஸ்பானரே வேண்டாம், இரண்டு விரலால் இறுக்கினால் போதும். அப்படியும் மரம் வழுக்குகிறது என்றால் உளி மழுங்கியிருக்கிறது அல்லது நீங்கள் ஆழமாக வெட்டுகிறீர்கள். இறுக்கியே பழகியதால் கம்பி நிரந்தரமாக வளைந்திருக்கவும் கூடும், கழற்றி ஒரு கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள், அடியில் வெளிச்சம் வந்து வந்து போனால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். லைவ் சென்டரும் 60 டிகிரிக் கூம்புதானா என்று பாருங்கள். மரவேலைக்கான கூர்முனை சென்டர் கம்பியின் குழியைக் கெடுத்துவிடும், அப்புறம் எதைச் சரிசெய்தாலும் ஆடும்.

மரச்சுருள் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குழாய் ஒட்டிய பிறகு துண்டின் முனைகளை டிரிம்மர் என்னும் சீவும் கருவி போட்டுச் சதுரமாக்குகிறீர்களா? முனை ஒரு பக்கம் சரிந்திருந்தால் நட்டை இறுக்கும்போது புஷ் அந்தச் சரிவில் போய் உட்காரும், கம்பியையும் அதோடு இழுக்கும். பித்தளை பளிச்சென்று ஒரு முழு வளையமாகத் தெரியும்வரை சீவுங்கள், தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். குழாயைச் சீவினால் பேனாவின் நீளம் குறையும், ரீஃபில் முனை எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

நான் மேண்ட்ரலையே விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் 60 டிகிரி சென்டர், நடுவில் கூம்புக் குழி வைத்த புஷ், ஒரு நேரத்தில் ஒரே துண்டு. வளைவதற்குக் கம்பியே இல்லை. இரண்டு துண்டையும் தனித்தனியாகக் கடைவதால் நேரம் கூடுதலாகும், ஆனால் இந்த நகம் தட்டும் தொல்லை எனக்கு அன்றோடு போனது. புஷ்ஷின் அளவையும் முழுசாக நம்பாதீர்கள், உப்புத்தாள் பட்டுப் பட்டு அது தேய்ந்திருக்கும். மாட்டப்போகும் வளையத்தையே காலிப்பரில் அளந்து அதற்கு மரத்தைக் கொண்டுவருவதுதான் என் வழக்கம்.

நூக்கமரம் எழுதியது:

விரிசலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மரம் காய்ந்தால் சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது, அதனால் மரம்தான் பிளந்தாக வேண்டும். கருங்காலி மிக மெதுவாகக் காயும், வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். நான் துண்டாக அறுத்துத் துளைபோட்டு, ஒட்டாமல் அப்படியே சில வாரம் வைத்துவிடுவேன். துளை வழியாகவும் காற்றுப் போவதால் சீக்கிரம் காயும். வாரம் ஒருமுறை எடை போடுங்கள், எடை இறங்குவது நின்ற பிறகுதான் பசை.

அடுத்தது சூடு. துளையிடும்போது டிரில்லை ஒரே மூச்சில் உள்ளே தள்ளாதீர்கள், கொஞ்சம் போய் வெளியே இழுத்துத் தூளை உதறிவிட்டு மறுபடி போங்கள். உப்புத்தாள் போடும்போதும் விரலுக்குச் சூடு உறைத்தால் நிறுத்துங்கள். கடையும்போது நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓட்டுகிறவர் உப்புத்தாளுக்கு 1000-க்குக் கீழே இறக்குவது நல்லது. குழாயின் வெளிப்பக்கத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, எபாக்சி பசை தடவி, திருகித் திருகி நுழைத்தீர்கள் என்றால் உள்ளே வெற்றிடம் தங்காது. எண்ணெய்ப் பசையுள்ள மரமாக இருந்தால் அதற்கு முன்னால் அசிட்டோன் தொட்ட பேப்பரால் துளையைத் துடைத்துவிடுங்கள். மரத்தூள் மூச்சுக்கு ஆகாது, மாஸ்க் இல்லாமல் லேத் பக்கம் போகவே வேண்டாம்.

உளிமுனை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கம்பியைக் கண்ணாடியில் உருட்டினேன், வளைந்துதான் இருக்கிறது, கண்ணாலேயே தெரிந்தது. வேறு கம்பி போட்டு, நட்டை விரலால் மட்டும் இறுக்கி, முனைகளையும் சீவி நேற்று ஒரு வேம்புத் துண்டு கடைந்தேன். நான்கு பக்கமும் நகம் தட்டவில்லை! மகளிடம் கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொன்னேன், வளையம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கருங்காலியில் நான்கு துண்டு துளைபோட்டு எடை எழுதிவைத்திருக்கிறேன். மேல்பூச்சுக்கு இதுவரை ஷெல்லாக் பாலிஷ்தான் போட்டேன், கைவியர்வையில் சில வாரத்திலேயே மங்கிவிடுகிறது. ஆசிரியருக்கான பேனாவுக்கு சூப்பர் க்ளூ பூச்சு போடலாமா?

மரச்சுருள் எழுதியது:

போடுங்கள், தினமும் எழுதுகிறவர் கைக்கு அதுதான் தாங்கும். மெல்லிய பூச்சாக எட்டுப் பத்து முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பருத்தித் துணியில் மட்டும் தொடவே தொடாதீர்கள், அந்தப் பசையும் பருத்தியும் சேர்ந்தால் சூடேறிப் புகையும், விரலைச் சுட்டுவிடும். டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பூச்சுக்கு முன் புஷ்ஷின் முனையில் கொஞ்சம் மெழுகு தேயுங்கள், இல்லாவிட்டால் மரத்தோடு ஒட்டிக்கொண்டு கழற்றும்போது ஓரம் பெயர்ந்துவிடும். எடை நின்றதும் இங்கே எழுதுங்கள், எத்தனை வாரம் ஆனது என்று எனக்கும் தெரிய வேண்டும்.